நான் எழுதிய நான்காம் வரி

புதிய ஆசிரியர்களுக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருக்கும் ஆலோசகர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதால் உடனே ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. அவதானிப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது, பாடத்திட்டத்தில் எந்த இடத்தில் கையொப்பம் போடுவது என்பதையெல்லாம் செயலமர்வில் சொல்லித் தருவார்கள். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சலும் தருவார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு பிழையை. அதைச் செய்ய ஆலோசகராக இருந்தால்தான் முடியும். வேறு யாருக்கும் அந்த வசதி கிடையாது. அந்தப் பிழையால், நல்ல ஆசிரியையாக வரவேண்டிய ஒரு பிள்ளை முதல் வருடத்திலேயே வேலையை விட்டுப் போகப் பார்த்தாள்.

முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரின் அலுமாரிக்குள் தடித்த சம்பவத்திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். லொக் புத்தகம் என்போம். பணிப்பாளர் வந்தாலும் ஆலோசகர் வந்தாலும் போகும்போது அதில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத்தான் போவோம். பக்கங்களுக்கு இலக்கம் உண்டு. கிழிக்க முடியாது, அழிக்கவும் முடியாது. தேநீரைக் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் கிறுக்குவது அங்கே வருடக்கணக்காகக் கிடக்கும். நாம் கேற்றைத் தாண்டும் முன்பே அதிபர் அதை வாசித்துவிடுவார். மறுநாள் ஆசிரியர் அறை முழுவதும் வாசித்திருக்கும்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த எங்கள் பிள்ளைகளுக்காக ஓலைக் கொட்டிலில் நடந்த பாடசாலைதான் எனக்கு முதற் பாடசாலை. ஒரே கூரைக்குக் கீழே நான்கு வகுப்பு, நடுவில் சுவர் இல்லை. அதில் இரண்டு வகுப்பு என் பொறுப்பு. அங்கே ஒரு ஆலோசகர் வந்தார். நெட்டையான மனிதர், சிரிக்கமாட்டார். ஒரு பாடவேளை முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினார்: “ஆசிரியையின் குரல் பின்வரிசையை எட்டவில்லை. வகுப்புக் கட்டுப்பாடு போதாது. இரண்டு வகுப்புகளை ஒன்றாகக் கையாளும் அனுபவம் இவருக்கு இல்லை.” சுவரில்லாத கொட்டிலில் யாருடைய குரல் எட்டும்? அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் அழுதேன். அடுத்த கிழமை இரண்டு வகுப்பில் ஒன்றை அதிபர் வேறொருவருக்குக் கொடுத்தார், அதையும் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். அந்த மனிதர் அடுத்த புதன்கிழமையும் வந்தார். அதற்கடுத்த புதனும் வந்தார். இன்னும் என்ன பிழை பிடிக்க வருகிறாரோ என்று ஒவ்வொரு புதனும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அந்தக் கதிரையில் உட்காரும் காலம் வந்தால் புதிதாக வந்த ஒருவரைப் பற்றியும் கெட்டதாக ஒரு வரி எழுதமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலமும் வந்தது. கணித ஆலோசகராக வலயம் முழுக்கச் சுற்றினேன். நினைத்தபடியே கெட்டதாக எழுதவும் இல்லை. நல்ல மனுசி என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிஸ்னா என் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நியமனம் பெற்று வந்தவள். புத்தளத்துப் பிள்ளை. வாப்பா த்ரீவீலர் ஓட்டுகிறார். கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, கற்பிட்டிப் பாதையில் கடலேரியை ஒட்டிய ஒரு பாடசாலைக்கு வந்தாள். பாடசாலையின் பெயர் வேண்டாம். முஸ்லிம் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் கலந்து படிக்கிற இடம். வெங்காயம் கிண்டும் நாட்களில் பாதி வகுப்பு தோட்டத்தில் நிற்கும். கடல் நல்லாக இருந்தால் மற்றப் பாதியில் கொஞ்சம் வள்ளத்தில் இருக்கும். அவளுக்குத் தரம் ஏழு கொடுத்திருந்தார்கள்.

நான் போன நாளன்று பின்னங்கள் படிப்பித்தாள். கடதாசி மடித்துக் கொண்டுவந்திருந்தாள், வர்ணம் தீட்டியிருந்தாள், எல்லாம் ஒழுங்கு. ஆனால் நான் பார்த்த வேறு விஷயங்களும் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் வாய் திறக்கும் முன்பே பதிலையும் தானே சொன்னாள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பக்கம் ஒருதடவையும் பார்க்கவில்லை. “விளங்கிச்சா?” என்று கேட்டாள், எல்லாரும் “ஓம் டீச்சர்” என்று ஒரே குரலில் சொன்னார்கள், அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். யாருக்கும் எதுவும் விளங்கியிருக்கவில்லை.

இதை நான் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். பாடம் முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கொட்டிலில் நின்ற என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதிபரின் அறைக்குப் போய் லொக் புத்தகத்தில் ஐந்து வரி எழுதினேன்.

“பாட ஆயத்தம் மிகச் சிறப்பு. கற்பித்தல் துணைச்சாதனங்கள் பொருத்தமானவை. மாணவர் ஈடுபாடு திருப்தி. எந்த வகுப்பையும் பொறுப்பேற்கக்கூடிய ஆற்றல் உள்ள ஆசிரியை. பாராட்டுகள்.”

நான்காம் வரியைக் கவனியுங்கள். அதை எழுதும்போது எனக்கு எந்த யோசனையும் இல்லை. மூன்று வரி எழுதியிருந்தேன், இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, நல்லதாக ஒன்று சேர்ப்போமே என்று சேர்த்தேன். ரிஸ்னா வாசித்துவிட்டுக் கண் கலங்கி, “ஜஸாக்கல்லாஹ் மிஸ்” என்று நன்றி சொன்னாள். நான் பெரிய மனுசத்தனத்தோடு பஸ் ஏறினேன்.

இரண்டு கிழமையில் அந்தப் பாடசாலையின் தரம் பதினொன்று கணித ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிற வகுப்பு. வேறு ஆள் தரச் சொல்லி அதிபர் வலயத்துக்கு நடையாக நடந்தார், ஆள் இல்லை என்றார்கள். அவர் என்ன செய்வார்? அலுமாரியைத் திறந்து லொக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். எந்த வகுப்பையும் பொறுப்பேற்கக்கூடியவர் என்று ஆலோசகரே எழுதியிருக்கிறாரே! வகுப்பு ரிஸ்னாவிடம் போனது. தரம் ஏழை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இது தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் அந்த ஐந்து வரிதான். எங்கெங்கே போகவேண்டும் என்று மாதாமாதம் பட்டியல் போடுவோம் அல்லவா, அதில் ரிஸ்னாவின் பெயர் வரும்போதெல்லாம், “இவள் நல்லாச் செய்கிறாள், திண்டாடுகிறவர்களிடம் போவோம்” என்று தள்ளிவைத்தேன். நானே எழுதினேன், நானே நம்பினேன். அந்தத் தவணை முழுவதும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவள் மூன்று தடவை செய்தி அனுப்பினாள். “அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். எப்ப வருவீங்க?” முதல் செய்திக்கு “இன்ஷா அல்லாஹ் விரைவில்” என்று போட்டேன். ஒரு மாதம் கழித்து, “மிஸ் இந்தப் பக்கம் வாற வேலை இரிக்கா?” என்று கேட்டாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன். மூன்றாவது, “மிஸ் நல்லா இரிக்கிறீங்களா?” மட்டும்தான். அதற்கு நான் பதிலே போடவில்லை. பண்பான பிள்ளை, சுகம் விசாரிக்கிறது என்று நினைத்தேன்.

முந்தல் என்ற ஊரில் ஒரு செயலமர்வு. நான்தான் அதை நடத்துகிற வளவாளர். புதிய ஆசிரியர்களை எப்படி ஊக்கப்படுத்துவது என்பதுதான் தலைப்பு, சிரிக்கவேண்டுமானால் சிரியுங்கள். பத்து மணி இருக்கும், தொலைபேசி அடித்தது. அந்தப் பாடசாலையின் அதிபர்.

“டீச்சர், உங்கட ரிஸ்னா டீச்சர் வகுப்ப விட்டுட்டு எங்கயோ போயிட்டா. எட்டரைக்குப் போன ஆள் இன்னும் இல்ல. பேக் இரிக்கு, ஃபோன் இரிக்கு.”

“சுகமில்லாம வீட்ட போயிருப்பாவோ சேர்?”

“பேக்க விட்டுட்டா போவா? அதுக்குள்ள வேலைய விடுற கடிதம் ஒண்டும் இரிக்கு. ரெண்டு மணிக்கு தாய் தகப்பன்மார் வேற வாறாங்க. வலயம் வச்ச கணக்குப் பரீட்சையில என்ட பதினொராம் ஆண்டில ஒரு பிள்ளையும் சித்தி இல்ல. ஒண்டும் இல்ல டீச்சர்!”

“பதினொராம் ஆண்டா? ரிஸ்னாவுக்கு ஏழாம் ஆண்டுதானே?”

“நீங்கதானே எழுதினீங்க, எந்த வகுப்பையும் எடுப்பா எண்டு.”

செயலமர்வை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் இறங்கி கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்றேன், அது வந்தபாடில்லை. ஏறிய பிறகும் அது சந்திக்குச் சந்தி நின்று வெங்காய மூட்டை ஏற்றியது. கொண்டக்டரிடம் இரண்டு தடவை சண்டை பிடித்தேன். அவன், “என்ன டீச்சர், பிள்ள பொறக்கப் போகுதா?” என்று கேட்டான். ஒரு பக்கம் கடலேரி கூடவே வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. என்ன நினைத்துப் பயந்தேன் என்பதை இப்போதும் எழுத விருப்பமில்லை.

தொலைபேசியை எடுத்து அந்த மூன்று செய்தியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எப்ப வருவீங்க. இந்தப் பக்கம் வாற வேலை இரிக்கா. நல்லா இரிக்கிறீங்களா. ஒரு குருட்டு மனுசிக்குக்கூட விளங்கியிருக்கும். அந்த நெட்டை மனிதரின் நினைவு அப்போதுதான் வந்தது. முப்பது வருடம் அவருடைய மூன்று வரியை மட்டும்தான் சுமந்திருக்கிறேன். அதைக் காட்டித்தான் அதிபர் என் தலையிலிருந்து ஒரு வகுப்பை இறக்கினார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புதன்கிழமைகளில் அவர் என் வகுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து என் பிள்ளைகளின் கொப்பி திருத்தியதும், பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்ததும் எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் கெட்டதாக எழுதினார், ஆனால் வந்தார். நான் நல்லதாக எழுதிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. அதிபரின் மேசையில் ரிஸ்னாவின் கைப்பை, தொலைபேசி, அந்தக் கடிதம். மூன்றும் ஒரு வரிசையில் இருந்தன. நடந்ததைச் சொன்னார். வலயப் பரீட்சைத் தாள்களைக் காலையில் வகுப்பில் கொடுத்திருக்கிறாள். டிலானி என்ற பிள்ளை எழும்பி, வட்டக் கணக்கு ஒன்றைக் காட்டி, “டீச்சர், இந்தக் கோணம் மற்றதைப்போல ரெண்டு மடங்கு எண்டு எப்படி வருது?” என்று கேட்டிருக்கிறாள். ரிஸ்னா பலகைப் பக்கம் திரும்பி வட்டம் கீறியிருக்கிறாள். பிறகு அசையாமல் நின்றிருக்கிறாள். பிறகு, கையிலிருந்த வெண்கட்டியைக்கூட வைக்காமல், வெளியே போய்விட்டாள்.

“அவட வாப்பாவுக்கு கோல் அடிக்கப்போறன். பொலிசுக்கும் சொல்லோணும்,” என்று அதிபர் தொலைபேசியை எடுத்தார்.

“சேர், பத்து நிமிசம் தாங்க.”

அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டது சரியா பிழையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் என்னைப் பார்த்து அப்படிச் செய்யவும் வேண்டாம். ஆனால் கேற்றில் நின்ற காவலாளி, யாரும் வெளியே போகவில்லை என்று சத்தியம் பண்ணினார். எல்லாரும் வீதியைத்தான் தேடியிருந்தார்கள். பயந்துபோன ஆசிரியை வீதிக்குப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முதல் வருடத்தில் நானும் ஒளிந்திருக்கிறேன். உள்ளே பூட்டக்கூடிய கதவாகப் பார்த்து ஒளிவோம்.

விஞ்ஞானகூடம் என்று பெயர்ப்பலகை போட்ட ஒரு அறை மைதானத்து மூலையில் இருந்தது. உடைந்த கதிரைகளைப் போடத்தான் பாவிக்கிறார்கள். பூட்டு, கொண்டியில் திறந்தபடி தொங்கியது. கதவைத் தள்ளினேன், உள்ளே தாழ்ப்பாள்.

“ரிஸ்னா, நான் வந்திரிக்கிறன். கதவத் திறக்கத் தேவல்ல. சத்தம் மட்டும் குடுங்க.”

கதவில் தட்டினேன். பிறகு உள்ளே கதிரை ஒன்று இழுபடும் சத்தம்.

“இன்னும் கொஞ்ச நேரம் தாங்க மிஸ். வருது. கிட்ட வந்திட்டுது.”

தாழ்ப்பாளை அவள்தான் திறந்தாள். உள்ளே கிடந்த பழைய அலுமாரி ஒன்றுக்குப் பின்னால் சீமெந்துத் தரை முழுவதும் வட்டங்கள். பெரிதும் சிறிதுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, வெண்கட்டி தேய்ந்து விரல் நுனி அளவுக்கு வந்திருந்தது. நான்கு மணித்தியாலமாக அந்தப் பிள்ளை அங்கே இருந்து டிலானி கேட்ட கேள்வியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே தேடி ஓடியவர்களின் சத்தம் கேட்டிருக்கிறது. விடை இல்லாமல் வெளியே வரப் பயம்.

நான் தரையில் உட்கார்ந்தேன். முதலில் மைதானத்தில் நின்ற ஒரு பிள்ளையிடம் அதிபருக்குச் சொல்லி அனுப்பினேன், ஆள் கிடைத்தாயிற்று, யாரும் இங்கே வரவேண்டாம் என்று. பிறகு அவளிடம் கேட்டேன்.

“ஏன் பிள்ள எனக்குச் சொல்லல்ல?”

“எப்படி மிஸ் சொல்றது? எனக்கு ஏலா எண்டு ரெண்டு தரம் சேர்ட்டப் போனன். ரெண்டு தரமும் லொக் புத்தகத்த எடுத்து நீங்க எழுதினத்தக் காட்டினாரு. நீங்க என்ன நம்பித்தானே எழுதினீங்க. அதப் பொய்யாக்க எனக்கு மனசு வரல்ல.”

“பிள்ளைகள் கேள்வி கேட்கல்லையா?”

“விடைப் புத்தகத்தப் பாத்து எழுதிப் போடுவன். விளங்கிச்சா எண்டு கேப்பன். ஓம் எண்டு சொல்லுவாங்க. தவணைப் பரீட்சைக்கும் அதே கணக்குகளத்தான் குடுத்தன். எல்லாருக்கும் நல்ல புள்ளி. இன்டைக்குத்தான் டிலானி கேட்டா.”

“அந்தக் கடிதம்?”

“திகதி போடல்ல மிஸ். எண்டைக்கு ஒரேயடியா ஏலாமப் போகுதோ அண்டைக்குப் போடுவம் எண்டு பேக்குக்குள்ளயே வச்சிரிக்கிறன். ரெண்டு மாசமா வச்சிரிக்கிறன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏதோ பெரிய தப்பு நடந்த மாதிரிப் பதறி, “ஐயோ மிஸ்” என்றாள். கணக்கில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டேன். மையத்திலிருந்து பரிதிக்கு ஏன் ஒரு ஆரையைக் கூட்டிக் கீறவேண்டும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வெண்கட்டிக்குக் கை நீட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டேன். “நீங்களே கீறுங்க, அந்த முக்கோணியின்ட ரெண்டு பக்கமும் எப்படி இரிக்கு எண்டு பாருங்க,” என்றேன். பார்த்தாள். “சமன்,” என்றாள். பிறகு, “அட!” என்றாள். கால் மணித்தியாலம் ஆகவில்லை. தனியாக இருந்து இரண்டு மாதம் பயந்த விஷயம் அது.

இரண்டு மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. அதிபரின் அறையில் வேறு கதை காத்திருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “டீச்சர், ரெண்டு வழிதான் இரிக்கு. பிள்ளைகள் வீட்டில படிக்கிறாங்க இல்ல, ஆசிரியை நல்லவ எண்டு தாய் தகப்பனுக்கு நீங்க சொல்லுங்க. இல்லாட்டி டீச்சருக்கு ஏலா எண்டு லொக் புத்தகத்தில எழுதுங்க. அதக் காட்டி வலயத்தில வேற ஆள் கேக்கலாம்.”

முதலாவது பொய். அதுவும் அடுத்த நாளே நாறும் பொய். இரண்டாவதை எழுதினால் மூன்று வருடம் முடிந்து ரிஸ்னாவின் நியமனம் உறுதியாகும் நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவள் கடிதத்துக்குத் திகதி போடுவதும் நான் அதை எழுதுவதும் ஒன்றுதான். வேறு ஆள் வரப்போவதுமில்லை, அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“புத்தகத்த எடுங்க சேர்,” என்றேன்.

என் ஐந்து வரி இருந்த பக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய பக்கத்தில் எழுதினேன்: “மேற்படி பக்கத்தில் நான் எழுதிய நான்காம் வரி தவறானது. தரம் ஏழில் ஒரு பாடவேளையை மட்டும் பார்த்துவிட்டு எந்த வகுப்பையும் என்று எழுதினேன். அதன்பின் நான் இங்கு வரவில்லை. ஆசிரியை மூன்று தடவை என்னை அழைத்தார். தவறு ஆசிரியையுடையது அல்ல, என்னுடையது. பரீட்சை வரை செவ்வாய், வியாழன் இரு நாட்களும் தரம் பதினொன்றில் ஆசிரியையுடன் நானும் இருப்பேன். தரம் ஏழு அவருக்கு மீள வழங்கப்பட வேண்டும்.” கையொப்பம் வைத்தேன்.

அதிபர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “டீச்சர், டிரெக்டர் வந்தா முதல்ல பாக்கிறது இதத்தான். பென்ஷன் போற காலத்தில விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.”

“வரட்டும் சேர்.” சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கடிதம் பிறகு வந்தது. பதில் எழுதினேன். இரண்டும் என் கோப்பில் இன்னும் இருக்கின்றன.

கூட்டத்துக்கு இருபது பேரளவில் வந்திருந்தார்கள், பெரும்பாலும் தாய்மார். நடந்ததை நான் சொல்வதாகத்தான் பேச்சு. ரிஸ்னா முகத்தைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் என் பிழையைச் சொல்லி முடித்ததும் டிலானியின் அம்மா எழும்பினார். மீன் காயவைக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தார், கையில் உப்பு வெளுத்திருந்தது.

“கணக்கு சித்தி இல்லாட்டி என்ட பிள்ளைக்கு உயர்தரம் இல்ல. பிறகு என்னோட வந்து மீன் கீறவேண்டியதுதான். நீங்க பிழை எண்டு சொல்லிட்டுப் போயிடுவீங்க மிஸ். இனி ஆர் படிப்பிக்கிறது?”

நான் வாயைத் திறந்தேன். ரிஸ்னா முந்திக்கொண்டாள்.

“நான்தான் அக்கா. டிலானி இன்டைக்குக் கேட்ட கணக்கு எனக்குத் தெரியாமத்தான் வெளிய போனன். இப்ப தெரியும். நாளைக்கு முதல் பாடம் அதுதான். இனித் தெரியாதத, தெரியாது எண்டு பிள்ளைகள்ட்டயே சொல்லுவன். மிஸ்ஸோட இருந்து படிச்சிட்டு வந்து படிப்பிப்பன்.”

அந்தத் தாய் அவளைப் பார்த்தார். “முதல்லயே சொல்லியிருக்கலாமே பிள்ள,” என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “எங்கட பிள்ளைகளும் விளங்காம விளங்கிச்சு எண்டுதானே சொல்லிட்டு இருந்திருக்குதுகள்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறு ஒரு தகப்பன் கொஞ்சம் கத்தினார். கத்த அவருக்கு உரிமை இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தோம்.

பரீட்சை வரை செவ்வாயும் வியாழனும் போனேன். ஒருநாள்கூடத் தவறவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், இரண்டு நாள் தவறியது. பின்வாங்கில் உட்கார்ந்து கொப்பி திருத்தினேன். அவள் பலகையில் தடுமாறும்போது எழும்பிப் போகத் துடிக்கும், கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவள், “இது எனக்குத் தெரியா, யாருக்குத் தெரியும்?” என்று முதல் தடவை கேட்டபோது வகுப்பு சிரித்தது. மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் எழும்பிப் பலகைக்குப் போனார்கள். வகுப்பு முழுவதும் சித்தியடைந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. பாதிக்குச் சற்று மேல். டிலானிக்குச் சாதாரண சித்தி கிடைத்தது, உயர்தரத்துக்குப் போனாள். சித்தியடையாதவர்களில் சிலரின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் முதல் தவணையிலேயே போயிருந்தால் அவர்களும் உயர்தரத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்தக் கடிதத்தை ரிஸ்னா கிழிக்கவில்லை. பையில்தான் வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் அவள் பையைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பஸ் தரிப்பிடத்தில் டிலானி ஒரு கணக்கைக் கொண்டுவந்து கேட்டாள். ரிஸ்னா பைக்குள் கையை விட்டு அகப்பட்ட கடதாசியை எடுத்து, அதன் பின்பக்கத்தில் வட்டம் கீறிச் சொல்லிக்கொடுத்தாள். டிலானி அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அது எந்தக் கடதாசி என்று ரிஸ்னாவுக்குப் பஸ்ஸில்தான் தெரிந்தது. திருப்பி வாங்கவும் இல்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, உங்களுக்கு அறிவுரையாக என்ன சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். போன கிழமை ரிஸ்னாவிடமிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. அவளுடைய நியமனம் உறுதியாகி, இப்போது அந்தப் பாடசாலையில் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“மிஸ், புதுசா ஒரு டீச்சர் வந்து ஒரு மாசம். எப்படிப் போகுது எண்டு கேட்டா எல்லாம் நல்லா இரிக்கு எண்டு சொல்றா. எனக்குப் பயமா இரிக்கு.”

எனக்கும் உடனே பயம் பிடித்துக்கொண்டது. எழுதினேன்: “அவட வகுப்புக்கு எப்ப போறீங்க?”

பதில் உடனே வந்தது.

“வாசல்லதான் நிக்கிறன் மிஸ்.”